ஆர்டிஸ் பட்டினி போடச் சொன்ன கள்ளி

செப்டம்பர் 14

ஆர்டிஸை இன்று மருத்துவமனையிலிருந்து பராமரிப்பு இல்லத்துக்கு மாற்றினார்கள். பக்கவாதம் வந்த வலது கை இன்னும் எழவில்லை. பேச்சு வருகிறது, ஆனால் ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் நான் ஒரு காபி குடித்து முடித்துவிடலாம். படுக்கையில் சாய்த்ததும் என்னைப் பற்றிக் கேட்டாளா? சாப்பிட்டாயா, தூங்கினாயா? ம்ஹும். செடிகளைப் பற்றித்தான்.

"கிறிஸ்துமஸ் கள்ளிக்கு... இனிமே உரம் போடாத. பட்டினி... பட்டினி போடு. பின்னாடி ரூம்ல, இருட்டுல, குளிர்ல வை."

பட்டினியா? முள்ளில்லாமல் இலையிலையாகத் தொங்கி, கிறிஸ்துமஸுக்குச் சிவப்பாகப் பூக்கும் அந்தக் கள்ளியை எங்களுக்குக் கல்யாணமான புதிதிலிருந்து பிள்ளை மாதிரி வளர்த்தவள் இவள். கொஞ்ச நாள் குழப்பமாகப் பேசுவார்கள், எதிர்த்துப் பேசாதீர்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் "சரி சரி" என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

செப்டம்பர் 20

சமையலறை ஜன்னல் ஓரம் முழுக்க அவளுடைய குண்டு இலைச் செடிகள். ஜேட், கற்றாழை, பெயர் தெரியாத இன்னும் நாலைந்து. எல்லாம் வாடிப்போன மாதிரி தெரிந்தது. அவள் இல்லாத வீட்டில் எனக்கு எல்லாமே அப்படித்தான் தெரிகிறது போல. பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் நீல உரத் தூள் டப்பா இருந்தது. ஒரு கரண்டி கரைக்கச் சொல்லி அட்டையில் போட்டிருந்தான். நான் இரண்டு போட்டேன். இதுகளாவது வயிறாரச் சாப்பிடட்டும்.

கிறிஸ்துமஸ் கள்ளிக்கும் ஊற்றினேன். இருட்டறைக்கெல்லாம் அனுப்பவில்லை. கூடத்தில், விளக்குக்குக் கீழே, ராஜா மாதிரி உட்கார வைத்திருக்கிறேன்.

அக்டோபர் 11

இந்த வருடத்தின் முதல் பனி. பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டிய காலத்தில் முதல் பனி விழுந்தால் திட்டிக்கொண்டே எழுந்திருப்பேன். இன்று திட்டக்கூட ஆளில்லை.

ஆர்டிஸ் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "கள்ளி பூத்ததும்... இங்க எடுத்துட்டு வா. கிறிஸ்துமஸ் அன்னிக்கு. நான் பாக்கணும், வெர்ன்."

"கண்டிப்பா."

"பட்டினி போட்டியா?"

"போட்டேன் போட்டேன்."

நோயாளியிடம் என்ன வழக்காடுவது? அவள் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாள். செவிலி வந்து "இன்னிக்கு வலி எப்படி இருக்கு?" என்று கேட்டபோது, அவள் வாயைத் திறப்பதற்குள் நானே பதில் சொல்லிவிட்டேன். இப்போதெல்லாம் அப்படித்தான் செய்கிறேன். நேரம் மிச்சம்.

நவம்பர் 2

கள்ளியில் புதுத் தளிர். என்ன பச்சை! மொட்டுதான் இன்னும் காணோம்.

நவம்பர் 23

எதிர்வீட்டு டொலோரஸ் கறியும் உருளைக்கிழங்கும் போட்டு வேக வைத்ததை ஒரு தட்டு நிறையக் கொண்டு வந்தாள். கொடுத்துவிட்டுப் போகாமல் ஜன்னலைப் பார்த்தபடி நின்றாள்.

"ஏம்பா வெர்ன், இந்த ஜேடுக்கு என்ன ஆச்சு? கொத்தவரங்கா மாதிரி நீண்டு கிடக்கு?"

"வளருது. உரம் போடறேன்ல."

"குளிர்காலத்துலயா? அட மனுசா! இதுங்க தூங்கற நேரம்யா இது. தூங்கறவன் வாயில சோத்தத் திணிப்பியா நீ?" அப்புறம் கூடத்துக் கள்ளியைப் பார்த்துவிட்டாள். "போச்சு. இதுக்குமா? செப்டம்பரோட நிறுத்திட்டு, குளிர்லயும் இருட்டுலயும் காயப் போட்டாத்தான் மொட்டு வைக்கும். நல்லா தின்னா வெறும் இலைதான். ஆர்டிஸ் உங்கிட்ட சொல்லலையா?"

சொன்னாள். ஒவ்வொரு சொல்லாகப் பொறுக்கி எடுத்துச் சொன்னாள்.

டொலோரஸிடம் "இல்லை" என்று சொல்லிவிட்டேன்.

டிசம்பர் 14

பின்னறைக்கு மாற்றி மூன்று வாரம் ஆகிறது. தினமும் கைவிளக்கு எடுத்துக்கொண்டு போய்த் தேடுகிறேன். ஒரு மொட்டு இல்லை. இனி எங்கே பூக்கும்? அவளோ தினமும் கேட்கிறாள். "வந்துடும் வந்துடும்" என்கிறேன்.

டிசம்பர் 22

மளிகைக் கடையில் வாசலிலேயே அடுக்கி வைத்திருந்தான். பளபளக்கும் காகிதம் சுற்றி, கிறிஸ்துமஸ் கள்ளி என்று சீட்டு குத்தி, உடம்பெல்லாம் பூ. நிறமும் ஏறக்குறைய அதே சிவப்பு.

வாங்கிவிட்டேன். அவளுடைய கள்ளியை வேரோடு எடுத்துக் காலி ஐஸ்கிரீம் வாளியில் வைத்துப் பின்னறைக்கே தள்ளிவிட்டேன். விளிம்பு உடைந்த அவள் சட்டியில் இதை நட்டேன். சமையலறை முழுக்க மண். இந்தக் கையால் பெரிய பேருந்தைப் பனியில் ஓட்டியிருக்கிறேன், ஒரு செடியை மாற்றி நட அரை நாள் ஆகிவிட்டது.

டிசம்பர் 25

காரைச் சூடாக்கி, சட்டியைப் போர்வையில் சுற்றி, இல்லத்துக்குக் கொண்டுபோனேன்.

ஆர்டிஸ் ரொம்ப நேரம் பார்த்தாள். பூவை விட்டுவிட்டு இலையைத் தொட்டாள். இடது கை விரலை இலையின் ஓரமாகவே மெதுவாக இழுத்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். சிரித்தாள். பாதி வாய்தான் சிரித்தது, ஆனால் நன்றாகவே சிரித்தாள்.

"அழகா இருக்கு, வெர்ன். பட்டினி போட்டா... பூக்கும்னு சொன்னேன்ல?"

"நீ சொன்னா தப்பாகுமா?"

வரும்போது காரில் சீட்டியடித்தேன். தப்பித்துவிட்டேன் என்று.

ஜனவரி 9

ஆர்டிஸ் போய்விட்டாள். காலையில். மூளையில் இரண்டாவது அடைப்பு. நான் வழியில் இருந்தேன்.

ஜனவரி 13

தேவாலயத்தில் ஜெபம் முடிந்தது. அடக்கம் இப்போது இல்லை. மண் பாறையாக உறைந்திருக்கிறது, பனி இளகியதும் வசந்தத்தில்தான் தோண்டுவார்கள். அதுவரை உடல் கல்லறைக் கிடங்கில். இங்கே எல்லோருக்கும் இப்படித்தான், தெரிந்ததுதான். ஆனாலும்.

தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் காபி கொடுத்துக்கொண்டிருந்தபோது, இல்லத்தில் ஆர்டிஸைக் கவனித்துக்கொண்ட ஷானா அந்தக் கள்ளிச் சட்டியோடு வந்தாள். அதை ஆர்டிஸ் கடைசி வரை கட்டில் பக்கத்திலேயே வைத்திருந்தாளாம்.

"உங்களுக்குச் சொல்லலாமா வேணாமான்னு தெரியல," என்றாள். "நீங்க போனதும் இலையை எனக்குக் காட்டினாங்க. 'இது கடையில வாங்கினது. ஓரத்துல பல்லு பல்லா இருக்கு பாரு. என்னோடது வளைஞ்சு வழவழன்னு இருக்கும்'னாங்க. அப்ப ஏன் அவர்கிட்ட சொல்லலைன்னேன். 'பாவம், என் சட்டியில மாத்தி நட்டு எடுத்துட்டு வந்திருக்கான். நகத்துல இன்னும் மண்ணு. சொன்னா அழுதுடுவான்'னாங்க."

நான் அங்கேயே, சாண்ட்விச் தட்டுகளுக்கு நடுவில், அழுதேன்.

குழம்பிப்போனாள், குழம்பிப்போனாள்னு ஊரெல்லாம் சொன்னேனே! கத்தி மாதிரி கூர்மையா இருந்திருக்கா. குழம்பினது நான்டா, நான்! நாலு மாசமா அவ பேசினா, நான் தலையாட்டினேன். அவளை வெச்சுக்கிட்டே அவளுக்குப் பதில் சொன்னேன். ஒரு நாளாவது, ஒரே ஒரு நாளாவது, உட்கார்ந்து கேட்டிருக்கக் கூடாதா? அவ சொல்லி முடிக்கறவரைக்கும்?

பிப்ரவரி 8

ஜேட் அழுகிவிட்டது. வெளியே கொட்டினேன். பின்னறைப் பக்கமே போவதில்லை. அங்கே அவள் துணிகள் இருக்கின்றன. அந்த அறைக்கு வெப்பக் காற்று வரும் துவாரத்தையும் அடைத்துவிட்டேன்.

மார்ச் 15

அவளுடைய குளிர்கோட்டை டொலோரஸ் தேவாலயத்துக்குக் கேட்டிருந்தாள். அதை எடுக்கத்தான் பின்னறையைத் திறந்தேன்.

ஐஸ்கிரீம் வாளி நினைவே இல்லை எனக்கு. கள்ளி சுருங்கி, தொங்கிப்போய், மண் தூளாகக் காய்ந்து கிடந்தது. நுனிகளில் சிவப்பாக ஏதோ. அழுகலோ என்று கண்ணாடியைப் போட்டுப் பார்த்தேன்.

மொட்டு. எல்லா நுனியிலும்.

நேரே சமையலறைக்கு ஓடினேன். நீல டப்பாவைத் திறந்து, கரண்டியில் அள்ளியும் விட்டேன். சிங்க் முன்னால் கரண்டியோடு நின்றேன். பிறகு தூளைத் திரும்ப டப்பாவில் போட்டு மூடினேன். அரைக் குவளைத் தண்ணீர் மட்டும் ஊற்றினேன்.

ஏப்ரல் 25

மண் இளகிவிட்டது. இன்று ஆர்டிஸை அடக்கம் செய்தோம். பாதிரியார், டொலோரஸ், ஷானா, நான். நல்ல காற்று.

"ஏம்பா, அந்த வாளியோடயேவா கொண்டு வந்தே? வீட்ல நல்ல சட்டி இல்லையா?" என்றாள் டொலோரஸ்.

சட்டியில் கடைச்செடி இருக்கிறது. அதைப் பிடுங்க எனக்கு மனசு வரவில்லை.

அவர்கள் காருக்குப் போனபிறகு வாளியை ஈரமண் ஓரத்தில் வைத்தேன். பூவெல்லாம் விரிந்து தொங்கிக்கொண்டிருந்தது. என்ன சொல்வதென்று வரும் வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். வாயில் வந்தது இதுதான்:

"பட்டினி போட்டேன், ஆர்டிஸ். இந்தத் தடவை நிஜமாவே போட்டேன்."