ரெமியின் வண்டி

பாயிண்ட் லோரியே, லூசியானா
செப்டம்பர் 9, காலை

அன்புத் தம்பி ரெமிக்கு,

அக்கா ஒடீல் எழுதுகிறேன். போனைத்தான் எடுக்க மாட்டாய், மின்னஞ்சலையாவது படித்துத் தொலை. வெர்னா புயல் வளைகுடாவுக்குள் வந்துவிட்டதாம். டெக்சாஸா, லூசியானாவா என்று டிவிக்காரர்களுக்கே தெரியவில்லை. நம் தெருவில் டிவியை யார் நம்புகிறார்கள்? உன் வண்டிதான் கணக்கு. போன தடவை நீ பாலம் தாண்டி வந்து நின்றாய், மறுநாள் கூரைகள் பறந்தன. அதற்கு முந்தைய தடவை ஊரே அடித்துப் பிடித்து ஓடியது, நீ ஃப்ளோரிடாவில் இருந்தாய், இங்கே ஒரு தூறல்கூட இல்லை.

இன்று இறால் படகுத்துறையில் பக்கத்து வீட்டு ஆல்சீட், "உன் தம்பி எங்கம்மா இருக்கான்? அந்தச் சனியன் புடிச்ச கேமராக்காரன் வந்தாத்தான் நான் மூட்டையக் கட்டுவேன்" என்று கத்துகிறார். எனக்குச் சிரிப்பு வந்தது.

புயலைத் துரத்திப் படம் பிடிக்கிற பிழைப்பு உனக்கு எதற்கடா? எங்கே இருக்கிறாய்? சாப்பிட்டாயா?

உன் அக்கா,
ஒடீல்

கால்வெஸ்டன், டெக்சாஸ்
செப்டம்பர் 9, மாலை

அன்புள்ள அக்காவுக்கு,

திட்டு கிடைத்தது. கார் நிறுத்தும் கட்டடம் ஒன்றின் மேல்மாடியில் வண்டியைப் போட்டிருக்கிறேன். கான்கிரீட், அசையாது. புயல் இங்கேதான் வரும். ஆனாலும் நீ கிளம்பிவிடு அக்கா, எனக்காக. ரொட்டியும் வாழைப்பழமும் சாப்பிட்டேன்.

அன்புடன்,
ரெமி

பாயிண்ட் லோரியே
செப்டம்பர் 10, காலை

அன்புத் தம்பிக்கு,

நீ டெக்சாஸில் இருப்பதைச் சொன்னேனோ இல்லையோ, தெருவே வண்டிகளிலிருந்து சாமான்களை இறக்கிவிட்டது! ஆல்சீட் ஜன்னல் பலகைகளைக் கழற்றுகிறார். வாசலில் அடுப்பு வைத்து எல்லாருக்கும் இறால் குழம்பு கொதிக்கிறது. நீ கிளம்பச் சொன்னதையும் சொல்லிப் பார்த்தேன், யார் காதில் விழுகிறது? எனக்கும்தான் அலுப்பாக இருக்கிறது, இருந்துவிடுகிறேன். நீ ஜாக்கிரதை.

ஒடீல்

கால்வெஸ்டன்
செப்டம்பர் 10, நண்பகல்

அக்கா,

உடனே கிளம்பு. புயல் கிழக்கே திரும்பிவிட்டது, விடிவதற்குள் நம் ஊரில்தான் கரை ஏறும்.

உண்மையைச் சொல்கிறேன். புயல் வர இரண்டு பக்கமும் சமமான வாய்ப்புத்தான் இருந்தது. நம் வீடு முங்குவதை நின்று படம் பிடிக்க எனக்கு மனசு வரவில்லை, அதனால் இந்தப் பக்கம் ஓடி வந்தேன். ஆசைப்பட்டதையே நம்பியும் விட்டேன். எல்லாரையும் கிளப்பு, கெஞ்சிக் கேட்கிறேன்.

ரெமி

பாயிண்ட் லோரியே
செப்டம்பர் 10, பிற்பகல்

ரெமி,

வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். "அவன் வண்டி இங்க இல்லையேம்மா! வந்து குழம்பச் சாப்பிடு" என்று ஆல்சீட் சிரிக்கிறார். இவர்களை விட்டுவிட்டு நான் எப்படிப் போவேன்? நீ மட்டும் வந்துவிடாதே. உனக்குப் புண்ணியமாகப் போகும், வராதே.

ஒடீல்

வழியில்
செப்டம்பர் 10

அக்கா, வண்டியை எடுத்துவிட்டேன். அவர்கள் கண்ணில் பட்டால் போதும்.

ரெமி

பள்ளிக்கூட முகாம்
செப்டம்பர் 13

என் தம்பிக்கு,

இது போய்ச் சேர்கிறதா என்று தெரியவில்லை, உன் போன் அடிக்கவே இல்லை. பாலம் தாண்டிய எல்லாரும் பிழைத்தோம். நீ ஹாரனை அடித்தபடி தெருவுக்குள் நுழைந்ததுமே ஆல்சீட் கரண்டியை அப்படியே போட்டுவிட்டு, "ஐயோ, வந்துட்டான்டா!" என்று ஓடியதைப் பார்த்தாய் அல்லவா? கொதிக்கிற குழம்பைக்கூட யாரும் இறக்கவில்லை. இப்போது தெருவில் ஒரு வீடும் நிற்கவில்லையாம்.

"நீ போக்கா. கடைசி வீட்டு மிஸ் யூலாவப் பின்சீட்ல படுக்க வச்சுக் கூட்டிட்டு, உன் பின்னாடியே வரேன்" என்றாய். பாலம் வரைக்கும் கண்ணாடியில் உன் விளக்கு தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே போனேன். எங்களுக்குப் பிறகு பாலத்தைத் தண்ணீர் மூடிவிட்டது. ஷெரீபின் போலீஸ் ஆட்கள் படகில் தேடுகிறார்கள், மிஸ் யூலாவையும் காணோம்.

"அவனுக்கு என்னம்மா, இந்த மாதிரிப் புயல விடுவானா? படம் புடிக்கத்தான் நின்னிருப்பான், சிரிச்சுக்கிட்டே வருவான் பாரு" என்று ஆல்சீட் தேற்றுகிறார். முகாமே அதைத்தான் சொல்கிறது. நான் தலையை ஆட்டுகிறேன்.

மிஸ் யூலாவுக்கு இடம் வேண்டும் என்று நீ என் வண்டியில் தூக்கிப் போட்ட கேமராப் பை என் மடியில் இருக்கிறது ரெமி. நான் யாரிடமும் சொல்லவில்லை.

உன் அக்கா,
ஒடீல்