நீ வேட்டியில் வடிகட்டிய பாசி

என் நைனாவுக்கு,

நாளைக்கு உனக்கு வருஷத் தெவசம். நேற்று மதியம் புத்தூரில் பஸ் இறங்கி வீட்டுக்கு வந்ததிலிருந்து ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. "என்னாடி, இப்பிடி அலஞ்சிக்கினே கீற?" என்று அம்மா கேட்டுவிட்டாள்.

நம் ஏரிக்கு மேட்டில் பழைய பேட்டரியை உடைத்து ஈயம் எடுக்கிற கொட்டகை வந்து, மீன் செத்து மிதந்ததே, அன்று நீ போன் செய்தாய். நான் அப்போதுதான் திருப்பதியில் பாசி ஆராய்ச்சியில் சேர்ந்திருந்தேன். பெருமை தலைக்கேறி, "பயப்படாத நைனா, தண்ணில கீற ஈயத்த பச்சப் பாசி இழுத்துக்கும்" என்றேன். "சர்லேம்மா, நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாய். இழுத்ததை அது என்ன செய்யும் என்று நீ கேட்கவில்லை. நான் ஏன் சொல்லவில்லை?

ஒன்றும் செய்யாது, நைனா. தனியாகப் பார்த்தால் கண்ணுக்கே தெரியாத அந்த உயிரின் மேல்தோலில் ஈயம் போய் ஒட்டிக்கொள்ளும். கொஞ்சம் உள்ளேயும் போகும். பாசி செத்தாலும் காய்ந்தாலும் ஈயம் அப்படியேதான் இருக்கும்.

நீயோ ஏரிப் பச்சையைப் பழைய வேட்டியில் வடிகட்டி, தார்ப்பாயில் காயவைத்து, கீரைப் பாத்திக்கு எருவாகப் போட்டாய். "எம்பொண்ணு சொல்லிக்கீது. தண்ணியும் சுத்தம், எருவும் சும்மா!" என்று சொல்லிக்கொண்டு திரிந்தாய். தெருவே உன்னைப் பார்த்துச் செய்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் அந்தக் கீரையைத்தான் சாப்பிடுகின்றன.

உன் பாசி மூட்டையில் மிச்சமிருந்ததிலிருந்து போன தடவை நான் எடுத்துப்போன தூளைப் போன வாரம் லேபில் சோதித்தேன். ஏரித் தண்ணீரில் இருந்ததைவிடப் பல மடங்கு ஈயம். அம்மா கொடுத்தனுப்பிய கீரையிலும் இருந்தது. மிஷின்தான் கெட்டுவிட்டதோ என்று திரும்பத் திரும்பப் பார்த்தேன். கெடவில்லை, நைனா.

உனக்குப் பிடிக்குமென்று நாளைப் படையலுக்கு அதே கீரையைக் கடைய இருந்தாள் அம்மா. இன்று காலை அவளிடம் சொன்னேன். "உங்க நைனா ஊரக் கெடுத்துட்டாருன்றியா?" என்று கத்தினாள். கொஞ்ச நேரம் கழித்து, "அவரும் அதத்தான தெனம் துன்னாரு?" என்றாள்.

உன் மாரடைப்புக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா? எனக்குத் தெரியாது. இனி தெரியவும் போவதில்லை. அதுதான் என்னை உட்கார விடமாட்டேன் என்கிறது.

பாத்திக் கீரையை நானே பிடுங்கிவிட்டேன். அம்மா தடுக்கவில்லை, உதவிக்கும் வரவில்லை. மூட்டையைத் திருப்பதிக்குக் கொண்டுபோகிறேன், விஷக் கழிவோடு சேர்க்க. சோதித்துப் பார்க்க மண்ணையும் கொஞ்சம் எடுத்து வைத்திருக்கிறேன்.

நாளைக்கு இலையில் கீரை எங்கே என்று யாராவது கேட்பார்கள். கேட்காவிட்டாலும் எழுந்து சொல்வேன். எல்லார் பாத்திக் கீரையையும் பிடுங்கச் சொல்வேன், திட்டினால் வாங்கிக்கொள்வேன். உன்மேல் ஒரு பேச்சு விழ விடமாட்டேன். நீ மகள் சொன்னதைக் கேட்டாய், அவ்வளவுதான். பாதி சொல்லிவிட்டுப் போனை வைத்தவள் நான்.

மீதியைச் சொல்ல வந்திருக்கும் உன் மூத்த மகள்,
கௌரி