உன் எண்களை நான் சொன்ன காலை

மச்சான்,

நீ கேட்ட புத்தகம் வந்திருக்கிறது. ஸ்காபரோ நூலகத்திலிருந்து எனக்குத்தான் செய்தி வந்தது. உன் அட்டையில் இடமில்லை என்று என் அட்டையில் அல்லவா பதிந்துவைத்தாய்! உன் முறை வந்தபோது நீ போய் ஏழு மாதம். சீனாக்காரர் எழுதிய விஞ்ஞானக் கதைகள், ஆங்கிலத்தில், செங்கல் தடிப்பு. சாப்பாட்டு மேசையில் கிடக்கிறது. திறக்கப் பயமாக இருக்கிறது.

அந்தக் கதைகளை நான் எங்கே படித்தேன்? எல்லாம் நீ சொல்லிக் கேட்டதுதான். பிறம்ரனில் நாங்கள் பெட்டி எடுக்கும் வெயர்ஹவுசுக்கு நான் கார் ஓட்டுவேன், நீ பக்கத்தில் இருந்து கையை ஆட்டி ஆட்டிச் சொல்வாய். 401 நெடுஞ்சாலை நகராமல் நின்றால் உனக்குக் கொண்டாட்டம். பொதி சுமப்பவர்களின் கதை ஒன்று சொன்னாய், நினைவிருக்கிறதா? ஒரு பெரிய நகரம். யார் எவ்வளவு வேகம் என்று ஒரு மெஷின் கணக்கெடுக்கிறது. வேலை போய்விடும் என்ற பயத்தில் எல்லாரும் களைப்பையும் வருத்தத்தையும் அதற்கு மறைக்கிறார்கள். மனிதருக்குக் களைப்பே வராது என்று அது நம்பிவிடுகிறது. வேகத்தைக் கூட்டிக்கொண்டே போகிறது.

"விடியக் காலமை இப்பிடிப் பயப்பிடுத்தாதையடா" என்றேன்.

"மெஷின் பொல்லாதது இல்லை மச்சான். நாங்கள்தான் அதுக்குப் பொய்யைப் பழக்கிறம்" என்றாய். சொன்னவனும் நீ, பழக்கியவனும் நீ.

எங்கள் ஹெட்செட்டைத்தான் சொல்கிறேன். எந்தத் தட்டில் எத்தனை பெட்டி எடுக்க வேண்டும் என்று அது காதில் சொல்லும், தட்டில் ஒட்டிய எண்ணை நாம் திருப்பிச் சொல்ல வேண்டும். முதல் நாள் குரலைப் பதிய ஒன்றிலிருந்து ஒன்பது வரை ஆங்கிலத்தில் வாசிக்கச் சொன்னார்கள். உன் 'திறீ'யை அது ஏற்கவே இல்லை. ஆறாம் தரம் பொறுமை இழந்து, "ஒண்டு, ரெண்டு, மூண்டு" என்று கத்தினாய். சமர்த்தாகப் பதிந்துகொண்டது! நானும் அப்படியே பதிந்தேன். பிறகு ஒருநாள் ஹெட்செட்டுகள் தவறுதலாக மாறிப்போயும் அதற்கு ஆள் வித்தியாசம் தெரியவில்லை. அன்றிலிருந்து ஒருவனுக்கு முதுகு பிடித்தால் மற்றவன் இரண்டையும் மாட்டிக்கொள்வான், காதுக்கு ஒன்றாக. ஐந்து நிமிடம் பேச்சில்லாவிட்டால் சூப்பர்வைசரின் திரையில் பெயர் சிவக்கும், ஆள் தேடி வருவார். அவர் தேடி வரக்கூடாது. அதுதான் எங்கள் கெட்டித்தனம்.

அந்தக் காலையில் நீ நெஞ்சைத் தடவிக்கொண்டு வந்தாய். "என்னவோ செய்யுது மச்சான். வாயுவாத்தான் இருக்கும்."

"தாடா உன்ரையை. ஆறுதலா இருந்திட்டு வா" என்றேன்.

இருபத்தைந்து நிமிடம் உனக்கும் சேர்த்து எண் சொன்னேன், பெட்டி எடுத்தேன். பெருமையாகக்கூட இருந்தது. பிறகு யாரோ கத்தினார்கள். ஓய்வறைக் கதிரையில் சுவரில் சாய்ந்தபடி இருந்தாய். கை குளிர்ந்திருந்தது. சூப்பர்வைசர் திரையைப் பார்த்துவிட்டு, "இப்ப கொஞ்சம் முன்னம்வரை வேலை செய்திருக்கிறாரே!" என்றார். நான் ஓம் என்று தலையாட்டினேன். நீ இறந்த பிறகும் பெட்டி எடுத்ததாகப் பதிவில் இருக்கிறது, மச்சான்.

"வேலை செய்துகொண்டிருக்கேக்கை ஒண்டும் தெரியாமல் போட்டார்" என்று உன் மனைவி வருகிறவர்களிடம் சொல்லி ஆறுகிறா. நான் தேத்தண்ணீரைக் குடித்துவிட்டு எழும்பி வருகிறேன். பெயர் சிவந்திருந்தால் ஐந்தாம் நிமிடம் உன்னிடம் ஒருவர் வந்திருப்பார். வந்தும் ஒன்றும் செய்ய முடியாமல் போயிருக்கலாம். அது எனக்கு ஒருநாளும் தெரியப்போவதில்லை.

இப்போது அங்கே வேலைசெய்யும் தமிழர் ஆறேழு பேரும் நீ காட்டிய வழியில்தான் எண் சொல்கிறார்கள். போன கிழமை அவர்களில் ஒருவன், மன்னார் அருள்தாஸ், என்னிடம் வந்தான். இரண்டு பிள்ளைகளின் தகப்பன். முகம் வெளிறியிருந்தது.

"அண்ணை, தலை சுத்துது. கொஞ்ச நேரம் என்ரையையும் போடுங்கோ."

என் கை நீண்டுவிட்டது. இழுத்துக்கொண்டேன். "மாட்டன். நீ இதிலை இரு. சூப்பர்வைசர் வரட்டும்."

பெயர் சிவந்தது. சூப்பர்வைசர் வந்தார், அவனை வீட்டுக்கு அனுப்பினார்கள். வைத்தியர் பார்த்ததில் ஒன்றுமில்லையாம், காலையில் சாப்பிடாத மயக்கமாம். அந்தக் கிழமை அவன் வேலை நாட்களைக் குறைத்துவிட்டார்கள். கார் நிறுத்துமிடத்தில் எல்லாருக்கும் முன்னால் என்னை மறித்து, "காட்டிக் குடுக்கிறவன்" என்றான். சண்டைக் காலத்தைக் கண்ட எங்கள் சனத்திடம் அதைவிடக் கொடிய சொல் எது? இப்போது வேலையிடத்து ஓய்வறையில் என் பக்கத்தில் ஒருவரும் இருப்பதில்லை. நாளை வேறொருவன் வந்து கேட்பான்.

கேட்டால் மாட்டேன் என்றுதான் சொல்வேன். ஏசட்டும், மச்சான். உயிரோடு நின்று ஏசட்டும்.