நேர்க்கோட்டில் ஒரு மணி நேரம்

அன்புள்ள அம்மாவுக்கு,

இடுப்பு வலி குறைந்ததா? மாத்திரையை வேளாவேளைக்குப் போடு. நான் நன்றாக இருக்கிறேன், கோபத்தைத் தவிர.

தம்பி இப்பீலி உங்கள் ஊர் ரேடியோவில் பேசியது இங்கே ஆர்க்டிக் பே வரை வந்துவிட்டது. “எங்க அக்காவுக்குத் தாத்தா பேரு. அதனால அம்மா அவள ‘அப்பா’ன்னுதான் கூப்பிடுது. அந்த அப்பாவுக்கு, விழுந்து கெடக்குற மகளப் பாக்க நேரமில்ல. ஒரு மணி நேரப் பயணந்தானே?” என்றானாம். நீயும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாயாம்.

ஒரு மணி நேரம், நேர்க்கோட்டில் பறக்கிற அண்டங்காக்கைக்கு. நேர் விமானம் கிடையாது; நான் ஆயிரத்து இருநூறு கிலோமீட்டர் தெற்கே இக்காலுயிட் நகரத்துக்குப் போய், அங்கிருந்து மறுபடி வடக்கே ஏறி வரவேண்டும். வந்தேன். வெள்ளிக்கிழமை உங்கள் ஊருக்கு மேலே விமானம் இரண்டு முறை சுற்றியது. குறுக்குக் காற்றில் இறங்க முடியாமல் இக்காலுயிட்டுக்கே திரும்பிவிட்டது. பயப்படாதே, தேநீர்தான் கொட்டியது. லீவும் தீர்ந்துவிட்டது.

சீல் தோலில் ஒரு ஜோடி கையுறை தைத்து வை. கடைக் கையுறையில் விரல் மரத்துப்போகிறது. இப்பீலியிடமே கொடுத்தனுப்பு. பனிவண்டிக்கு நேர்வழிதானே, வந்து என்னையும் ஏற்றிக்கொண்டு போகட்டும். அதுவரை ரேடியோவில் அவன் வாயைத் திறக்க வேண்டாம்.

தபால் மூட்டையைக் கட்டுகிறார்கள், முடிக்கிறேன்.

அன்று விமானச் சத்தம் கேட்டு, சிவப்புக் கோட்டோடு கோலை ஊன்றி வாசலுக்கு வந்து நீ மேலே பார்த்தாய். நான் ஜன்னல் கண்ணாடியைத் தட்டிக்கொண்டே இருந்தேன்.

உன் அப்பா,
கூனூ