பார்சலில் சீல் கறி இல்லாத காரணம்

அன்பு மகள் இவாலுவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் ஏழு நாய்களும் இங்கே ஒரு குறையுமில்லாமல் இருக்கிறோம், நீயும் படிக்கப் போன ஆர்ஹூஸில் சளி இருமல் இல்லாமல் இருக்க வேண்டும். பார்சலைப் பிரித்து அடிவரை துழாவாதே, கையுறையும் காலுறையும்தான் இருக்கும். அனுப்புகிறேன் என்று சொன்ன சீல் கறி போய்விட்டது. போனில் சொன்னால் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து நடுநடுவே சிரிப்பார், அதனால்தான் எழுதுகிறேன்.

இந்த வருஷம் நவம்பர் பாதி போயும் கடல் உறையவில்லை. உறைந்தால்தானே பனிக்கரடி அதன்மேல் போய் சீல் பிடிக்கும், இல்லாவிட்டால் கரையில் பட்டினிதான், ஊருக்குள்தான் வரும். குட்டியோடு ஒரு தாய்க்கரடி இரண்டு தடவை வந்துவிட்டது, விலா எலும்பை எண்ணிவிடலாம், அப்படி இருந்தது. இரண்டு தடவையும் கரடிக் காவலில் இருந்த அப்பாவும் உல்ரிக் சித்தப்பாவும் வெடி போட்டு விரட்டினார்கள். குட்டியோடு இருப்பதை நாம் சுடுவதில்லை, ஆனால் மூன்றாவது தடவை வந்தால் சுடலாம் என்று மேலிடத்திலிருந்து அனுமதி வந்துவிட்டது. அன்றிலிருந்து அப்பாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. போன வருஷம் ஒன்றைச் சுட நேர்ந்து ஒரு வாரம் வாய் திறக்காமல் கிடந்த மனிதர் அல்லவா. வீடு வீடாகப் போய், கறி மீன் எதையும் வெளியே வைக்காதீர்கள் என்று கத்தினார், பெர்த்தா அத்தையின் மீன் பீப்பாயைத் தானே உருட்டி உள்ளே தள்ளி அவளிடம் திட்டும் வாங்கினார். அந்த மகராசனின் பெண்டாட்டி நான் என்ன செய்தேன் தெரியுமா, காற்றில் ஆடிக் காய்ந்தால்தான் உனக்குப் பிடித்த ருசி வரும், இன்னும் இரண்டே நாள்தானே என்று, வீட்டுப் பின்பக்கம் அவர் கண்ணில் படாத இடத்தில் கறியைத் தொங்கவிட்டிருந்தேன். ஊரையெல்லாம் சோதித்தவர் தன் வீட்டைச் சோதிக்கவில்லை.

வியாழக்கிழமை மத்தியானம் பாத்திரம் கழுவிக்கொண்டே ஜன்னலைப் பார்த்தால், கரடி பின்னங்காலில் நின்று என் கறியை இழுத்துத் தின்கிறது. எனக்கு உயிரே இல்லை. பயத்தைவிட, ஐயோ என்னால் இது சாகப்போகிறதே என்றுதான் மனசு அடித்துக்கொண்டது. அப்பாவுக்குப் போன் போட்டேன், போடாமல் இருக்க முடியுமா, தெருவில் குழந்தைகள் இருக்கிறார்கள். அவரும் சித்தப்பாவும் வந்து சேர்வதற்குள் அது குட்டியோடு கரைக்கு இறங்கிவிட்டது. அப்பா துப்பாக்கியைத் தூக்கியதும் ஜன்னலைத் திறந்து ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தினேன்: "அத மொதல்ல பாத்தது நான். மொதல்ல பாத்தவங்களுக்குத்தான் கரடி, அதுதான நம்ம வழக்கம். என் கரடிய யாரும் சுடக்கூடாது." சித்தப்பா விடுவாரா, "அண்ணி, அது செத்த கரடிக்குத்தான்" என்றார். "உசுரோட இருந்தா இல்லன்னு யாரு சொன்னா?" என்றேன். அப்பா என்னைப் பார்த்தார், தொங்குகிற வெறும் கயிற்றைப் பார்த்தார், புரிந்துவிட்டது அவருக்கு. துப்பாக்கியை இறக்கி வெடியைத்தான் போட்டார்.

அன்று காலையில்தான் குடாவில் கடல்நீர் முதல் பனியாக மெல்லிசாக உறைந்திருந்தது. வெடிச் சத்தத்தில் கரடி அதன்மேல் இறங்கியது, தாங்குமா என்று மூவரும் பார்த்தோம். அது நாலு காலையும் அகட்டி வயிற்றால் தேய்த்துக்கொண்டே போனது, குட்டியும் அப்படியே பின்னால். பனி வளைந்தது, உடையவில்லை. கண்ணுக்கு மறைந்ததும் அப்பா உள்ளே வந்து என்னைக் கால்மணி நேரம் திட்டினார், பிறகு நாலு தட்டு சூப் குடித்தார். அவர் சாப்பிட்டதைப் பார்த்து எனக்கு அழுகையே வந்துவிட்டது. நேற்று கடல் நன்றாக இறுகி சித்தப்பா நாய்வண்டியில் போய் வந்தார், தூரத்தில் பனிமேல் சீல் ரத்தமும் பக்கத்தில் பெரிசும் சிறிசுமாக இரண்டு தடமும் பார்த்தாராம். அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு மனசு ஆறியது. அடுத்த வருஷம் கடல் இன்னும் தாமதித்தால் என்ன ஆகுமோ, அதை இப்போது நினைக்க மாட்டேன்.

கையுறையைப் போட்டுக்கொள், பரீட்சை என்று பட்டினி கிடக்காதே, ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்குப் போன் செய், கறி விஷயம் தெரியாத மாதிரியே பேசு. உங்கள் ஊரில் கரடியைக் கொல்வீர்களாமே என்று அங்கே யாராவது கேட்டால், என் அம்மாவுக்குச் சொந்தமாக ஒன்று இருக்கிறது என்று சொல். வழக்கப்படி அதன் தோல் எனக்கு வர வேண்டியது. அது அதன் உடம்பிலேயே இருக்கட்டும்.

நீ நன்றாக இருப்பாய், மகளே.

உன் அம்மா,
தபீத்தா