மதகுப் பொறியின் பொய்க்கணக்குக்கு அரசி விடுத்த ஆணை

வானம் வழங்குக, வயல் விளைக, செம்பாற்று நாடு நெடிது வாழ்க. மலைக்கோட்டைக்கும் அதன் அடிவாரத்து மதகுகளுக்கும் உரியவளாகிய அரசி இளவெண்கோதை, நம் தந்தையார் திருக்கையால் கருநிரல் காவலர் என்னும் பட்டம் பெற்ற பொறியகத் தலைவர் ஏறன் சாத்தனாருக்கு விடுக்கும் ஓலை. உமது பொறியகத்தார் யாவர்க்கும் நலம் உண்டாகுக. உமக்கு நலம் கூற மட்டும் நமக்கு மனம் வரவில்லை.

நம் தம்பி மருதவேளும் உடனிருந்த மதகுக் காவலரும் உறக்கத்திலேயே வெள்ளத்தில் மாண்டது குறித்து நீர் எழுதிய விளக்கம் கண்டோம். பெருமழை விதியின் செயல் என்றும், மதகைக் கண்காணிக்கும் பொறி தன் கடமையில் வழுவவில்லை என்றும் எழுதியிருந்தீர். யார் கண்ணில் மண்ணைத் தூவப் பார்க்கிறீர்?

நம் ஆய்வாளர் பொறியைத் திறந்து பார்த்தனர். பொறியின் உயிராய் அதன் பணிகள் யாவற்றையும் ஆளும் நிரலான கருநிரல், பணி ஒவ்வொன்றுக்கும் நினைவகத்தில் இடம் அளந்து கொடுத்து, பணி முடிந்தபின் இடத்தைத் திரும்பப் பெற்றுக் கணக்கிலும் குறைக்கக் கடமைப்பட்டது. முறையாக முடிந்த பணிகளுக்கு அவ்வாறே செய்தது. நடுவில் மடிந்த பணிகளின் இடத்தையோ வாங்கிக்கொண்டு, கணக்கில் குறைக்காமல் விட்டது. ஆகவே நினைவகம் பாதிக்குமேல் வெறுமையாய்க் கிடந்தபோதே, இடம் தீர்ந்தது என்று பொய்க்கணக்கு கூறிற்று. இடம் தீர்ந்தால் மிகுதியாக இடம் கொண்ட பணியைக் கொல்வது கருநிரலின் விதி. அம்மழையில் மிகுதியாக இடம் கொண்டிருந்தது நீர்மட்டம் பார்த்து மணியடிக்கும் பணி. அதையே கொன்றது. மணி ஒலிக்கவில்லை, காவலர் எழவில்லை, மதகு திறக்கவில்லை.

இப்பிழையை நீர் அறியாதவரும் அல்லீர். அமாவாசைதோறும் பூசணி உடைத்து, சூடம் காட்டி, பொறியை அணைத்து மீண்டும் எழுப்பினீர். அதனால் பொய்க்கணக்கு அழிந்து புதுக்கணக்கு தொடங்கிற்று. பிழையைத் தேடாமல் பூசி மெழுகுவதற்குச் சடங்கு என்று பெயரிட்டீர். சென்ற அமாவாசையிலோ உமது மணிவிழாப் பந்தியில் பொறியகத்தார் அனைவரும் இலை போட்டுக்கொண்டிருந்தமையால், அச்சடங்கும் நடக்கவில்லை. இத்தனைக்கும் பின்னர், இனி வெள்ளிதோறும் அணைத்து எழுப்ப ஒப்புதல் வேண்டும் என்று எழுத உமக்குக் கை கூசவில்லை.

உம்மைக் கழுவேற்றுமாறு அவையோர் வேண்டினர். அது விரைவில் முடிந்துவிடும் என்று மறுத்தோம்.

ஆதலின் ஆணையிடுகிறோம். பொறியை அணைத்து எழுப்பும் அறைக்குப் பூட்டிட்டு வாளேந்திய காவல் வைத்தோம். கீழ்க்கரை மக்கள் யாவரையும் மேட்டுநிலத்தில் குடியேற்றினோம். பணி மடியும் வழிகள் அனைத்தையும் தேடிக் கண்டு, வழிதோறும் இடத்தோடு கணக்கும் குறையுமாறு கருநிரலை நீரே திருத்துக. திருத்தி முடிக்கும்வரை மதகின்கீழ் எம் தம்பி உறங்கிய மனையில் தனியே உறங்குக. உம்மை எழுப்ப அந்த மணி ஒன்றே இருக்கும்.

இஃது எம் வாய்மொழி. மீன்கொடி முத்திரை பதித்தோம். மலைமேல் மழை இறங்கிவிட்டது. மன்னிப்பு வேண்டி மறு ஓலை விடுக்க வேண்டா. பிழை தீர்ந்ததென்றால், கார்காலம் கழிந்தபின் உயிரோடு நேரில் வந்து சொல்லும்.