தங்கையின் மிதிவண்டிப் பூட்டு

பேரன்பிற்குரிய அப்பாவே, அம்மாவே, வாய்திறவாத என் தங்கையே,

மூவரும் நலம்தானே? நானும் நலமே. என் குறையை நேராகவே சொல்லிவிடுகிறேன். சாலை போடக் கொட்டிய ஜல்லியில் ஒருமுறை விழுந்தாள் என்பதற்காகத் தங்கையின் மிதிவண்டியைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டீர்களே அப்பா, அது அநீதி.

ஞாயிறன்று இங்கே நானும் மிதிவண்டியிலிருந்து விழுந்தேன். முழங்கையில் சிறு சிராய்ப்பு, அவ்வளவே. பழைய கால்வாய்க் கரையிலிருந்து காட்டுக்குள் நுழையும் சரளைக்கல் பாதை அது. அப்பா, நீங்கள் கற்பித்தபடி சக்கரங்களில் காற்றை முட்ட முட்ட அடித்திருந்தேன். முதல் வளைவிலேயே வண்டி சறுக்கியது. உடன் வந்த, என் ஆய்வகத்தில் வேலை செய்யும் அக்கா சிரித்துவிட்டார்.

"இது தார் ரோடு இல்லடி. கொஞ்சம் காத்தை இறக்கு."

"எங்கப்பா இப்படித்தான் சொல்லிக் கொடுத்தாருக்கா."

"உங்கப்பா ஜல்லியில ஓட்டியிருக்காரா?"

காற்றை இறக்கினேன், சக்கரம் சரளையைப் பற்றிக்கொண்டது. ஆற்றுப் பள்ளத்தாக்கு முழுவதும் எண்பது கிலோமீட்டர் ஓட்டி முடித்தேன். உங்கள் மகள் என்ற செருக்கோடு அறைக்குத் திரும்பினேன். அதைச் சொல்லத்தான் அங்கே ஆளில்லை. அம்மா, ஞாயிறு மாலைகளில் நீங்களே அழையுங்கள். தங்கையே, அப்போது உன் வண்டி மணியை ஒருமுறை அடி, நான் கேட்க வேண்டும்.

பணிக்கு நேரமாகிவிட்டது. அப்பா, அவளை விழவைத்தது அவள் கவனக்குறைவு அன்று, நீங்கள் அடித்த காற்று. இக்கடிதத்தை மடிப்பதற்கு முன் எழுந்து சென்று பூட்டைத் திறந்து, சிறிது காற்றை இறக்கி, வண்டியை அவள் கையில் கொடுங்கள்.

உங்கள் மூத்த மகள்